வேப்பிலைச் சாறும் வெள்ளித் துணிக்கையும்: ‘பச்சை’ என்ற சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்?

சில மாதங்களுக்கு முன்னர் கிளிநொச்சி மாவட்டத்தின் மீள்குடியேறிய கிராமமொன்றில், பங்கு மண்டபத்தில் கமக்காரர் கூட்டம் ஒன்று நடைபெற்றது. கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வேளையில், பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கும் அவ்வூர்ப் பிள்ளை ஒருத்தி தன் பையிலிருந்து சிறிய கண்ணாடிப் போத்தல் ஒன்றை எடுத்துக் காட்டினாள். உள்ளே இருந்த நீர் வெறுந்தேநீரின் நிறத்தில் இருந்தது. வேப்பிலையை அவித்து வடித்த சாற்றுடன் வெள்ளி உப்புக் கரைசலைக் கலந்து தாங்களே ஆய்வுகூடத்தில் செய்தது என்றும், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துணிக்கைகள் மிதக்கின்றன என்றும், அவை கிருமிகளைக் கொல்லவல்லன என்றும் விளங்கப்படுத்தினாள்.

தகப்பன் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பிள்ளை, இதை மிளகாய்க்கு அடிச்சால் உந்த இலைச் சுருளல் நிக்குமோ?” என்று கேட்டார்.

“அப்பா, இது இன்னும் ஆய்வுகூடத்தை விட்டு வெளியிலை வரேல்லை” என்றாள் மகள்.

பக்கத்தில் நின்ற இன்னொருவர் விடவில்லை. “அப்ப ரவுணிலை நனோ மருந்தெண்டு போத்தல் விக்கினமே, அது எங்கையிருந்து வந்தது?”

அந்தப் பிள்ளையிடம் அதற்கு விடை இருக்கவில்லை. அவள்மீது குறையில்லை, அது அவள் விடை சொல்ல வேண்டிய கேள்வியுமல்ல. ஆயினும் தகப்பனின் கேள்வியும் அயலவரின் கேள்வியும் எமது விவசாயக் குடும்பங்கள் இன்று கட்டாயம் கேட்க வேண்டியவை என்பதால், அவற்றைப் பற்றி எமது கருத்தை இங்கு எழுதுகின்றோம்.

முதலில் போத்தலுக்குள் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். வெள்ளி நைத்திரேற்று என்பது வெள்ளியின் உப்பு. தண்ணீரில் கரைத்தால் நிறமில்லாமல் தெளிவாக இருக்கும். அதில் வெள்ளி தனித்தனி அயன்களாகக் கரைந்து கிடக்கின்றது. வேப்பிலைச் சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருட்களும், சர்க்கரை வகைகளும், வேறு பல சேர்வைகளும் இந்த அயன்களுக்கு இலத்திரனைக் கொடுக்கின்றன. இலத்திரனைப் பெற்ற வெள்ளி மீண்டும் உலோகமாகி, ஒன்றோடொன்று சேர்ந்து மிகச் சிறிய மணிகளாகத் திரள்கின்றது. அதே சாற்றின் பொருட்களே அந்த மணிகளைச் சுற்றி ஒரு போர்வை போலப் படிந்து, அவை மேலும் பெருத்து அடியில் படியாமல் தடுக்கின்றன. சில மணி நேரத்துக்குள் நீர் மஞ்சளாகிப் பின் பழுப்பாகின்றது. ஆக, இலை இங்கே இரண்டு வேலைகளைச் செய்கின்றது: உலோகத்தை உண்டாக்குகின்றது, உண்டானதைக் காக்கின்றது.

எவ்வளவு சிறிய மணிகள்? நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. 20 நனோமீற்றர் பருமனுள்ள வெள்ளி மணிகளை வரிசையாக அடுக்கினால், 6 மில்லிமீற்றர் நீளமான ஒரு அரிசியின் நீளத்துக்கு மூன்று இலட்சம் மணிகள் வேண்டும். கற்கண்டுக் கட்டி கரைய நேரமெடுக்கும், இடித்த கற்கண்டு உடனே கரையும் என்பதை நாம் அறிவோம். பொருள் ஒன்றுதான், சிறிதாக்கச் சிறிதாக்க வெளியே தெரியும் பரப்புக் கூடுகின்றது, வேகமும் கூடுகின்றது. வெள்ளிக்கும் அப்படித்தான். நிறமும் இந்தச் சிறுமையால் வருவதே. ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களின் சன்னற் கண்ணாடிகளில் உள்ள பொன்மஞ்சள் நிறம், 14ஆம் நூற்றாண்டிலிருந்து வெள்ளிச் சேர்வையைக் கண்ணாடியில் பூசிச் சுட்டு வரவழைக்கப்பட்டது. அந்தத் தொழிலாளர் நனோ என்ற சொல்லைக் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் கண்ணாடியில் செய்தது ஏறக்குறைய இதைத்தான்.

தாவரங்களைக் கொண்டு இப்படிச் செய்யலாம் என்பதற்கான ஆய்வுகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றன. 2002இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், குதிரைமசால் என்னும் தீவனப் பயிர் தன் உடலுக்குள்ளேயே தங்க நனோத் துணிக்கைகளை உண்டாக்குவதைக் கண்டனர். 2004இல் இந்தியாவின் பூனா நகரத்துத் தேசிய இரசாயன ஆய்வுகூடத்தினர், அவித்த வேப்பிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி, தங்கத் துணிக்கைகளைச் செய்து காட்டினர். அதன் பின்னர் துளசி, மஞ்சள், கற்றாழை, தேயிலை, முருங்கை என்று கையிலெடுக்காத செடியே இல்லை எனலாம். ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன. அவற்றில் பல, செடியின் பெயரை மாற்றி அதே வேலையைத் திரும்பச் செய்தவை என்று சொன்னால் ஆய்வாளர்கள் எம்மைக் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகின்றோம்.

இதற்குப் ‘பச்சை முறை’ என்று பெயர் வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. இதே துணிக்கைகளைச் செய்வதற்கு வழமையாகச் சோடியம் போரோஐதரைட்டு போன்ற கடுமையான இரசாயனங்களைப் பாவிப்பார்கள். அவற்றுக்குப் பதிலாக இலைச் சாறு வந்தால் செய்பவரின் கைக்கும் மூச்சுக்கும் நல்லது, கழிவும் குறைவு, செலவும் குறைவு. எமது நாட்டைப் போன்ற இடங்களில், விலை கூடிய இரசாயனங்களும் கருவிகளும் இல்லாத ஆய்வுகூடத்திலும் பிள்ளைகள் இதைச் செய்து படிக்க முடிகின்றது. இது சிறிய நன்மையன்று. அந்தப் பிள்ளையின் போத்தலை நாம் மதிக்கின்றோம்.

ஆனால் பச்சை என்ற சொல் துணிக்கையைச் செய்யும் முறைக்கு மட்டுமே பொருந்தும். இதைத்தான் எமது கமக்காரர்கள் மனதில் கொள்ள வேண்டும். செய்து முடித்த பின்னர் போத்தலுக்குள் இருப்பது வேப்பிலையன்று, வெள்ளி.

வேப்பங்கொட்டைக் கரைசலை நாம் நீண்ட காலமாக அறிவோம். 1990ஆம் ஆண்டின் பின்னர் வடபகுதிக்கு யூரியாவும் வேறு பல பொருட்களும் வராமல் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், பலருடைய தோட்டங்களைக் காப்பாற்றியது வேம்பும் கிளிசிறிடியாத் தழையும் மாட்டெருவும்தான். அரைக் கிலோ வேப்பம் பருப்பை இடித்து 10 லீற்றர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் அடித்தோம். ஏன் மாலையில்? அதிலுள்ள மருந்துப் பொருள் வெயில் பட்டால் சிதைந்துவிடும். சில நாட்களில் அதன் வேலை முடிந்துவிடும், திரும்பவும் அடிக்க வேண்டும். இதை வேம்பின் குறை என்று அந்நாளில் நாம் சலித்துக்கொண்டோம். உண்மையில் அதுவே அதன் நற்குணம். பூச்சியைத் தடுத்துவிட்டு அது இல்லாமற் போய்விடுகின்றது.

வெள்ளி இல்லாமற் போவதில்லை. அது ஒரு மூலகம். உக்காது, எரியாது, வெயிலில் அழியாது. ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆய்வுகூடங்களில் வழமையாக எடுக்கும் கரைசலில் லீற்றருக்கு ஏறத்தாழ 0.17 கிராம் வெள்ளி நைத்திரேற்று இருக்கும். அதில் வெள்ளி மட்டும் 0.108 கிராம். அந்தச் செறிவிலேயே 16 லீற்றர் தெளிகருவியால் ஒரு ஏக்கருக்கு 10 தாங்கி அடித்தால், ஒரு தடவைக்கு 17 கிராம் வெள்ளி மண்ணுக்குப் போகும். இரண்டு தடவை அடித்தால் ஒரு சிறு பிள்ளையின் கொலுசை உரைத்துத் தோட்டத்தில் தூவியதற்குச் சமம். ஒரு போகத்துக்கு எத்தனை தடவை மருந்தடிக்கின்றோம் என்பதை மிளகாய் செய்தவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. தீக்காயத்துக்கு வெள்ளி சேர்ந்த களிம்பு பூசுவது அதனாற்றான். ஆனால் அதற்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற வேறுபாடு தெரியாது. பயற்றை, உழுந்து முதலியவற்றின் வேர் முடிச்சில் இருந்து நைதரசன் பிடித்துத் தரும் பற்றீரியாவும், எருவை உக்கவைத்துப் பயிருக்கு ஊட்டும் நுண்ணுயிர்களும் கிருமிகளே. மீனுக்கு வெள்ளி மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சாகும் என்பதும் நன்கு அறியப்பட்டது. குளத்துக்குக் கீழே வயலும், வயலின் கழிவுநீர் வாய்க்காலில் மீனும் உள்ள இடங்களில் வாழும் நாம் இதை அலட்சியம் செய்ய முடியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை இன்னும் நுட்பமானது. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரையே குடிக்கின்றோம், அதையே இறைக்கின்றோம். தோட்டத்தில் போட்ட உரத்தின் நைத்திரேற்று கிணற்றுக்குள் வந்து சேர்ந்த கதையை அனுபவித்தவர்கள் நாம்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளி மண்ணில் கந்தகத்துடன் சேர்ந்து வெள்ளிச் சல்பைட்டாக மாறினால் அதன் நச்சுத்தன்மை பெரிதும் குறைந்துவிடும். பெட்டிக்குள் வைத்த கொலுசு கறுப்பதும் அந்த மாற்றமே. ஆனால் எந்த மண்ணில் எவ்வளவு விரைவாக இது நடக்கும் என்பது மண்ணுக்கு மண் வேறுபடும். எமது செம்மண்ணில் என்ன, வன்னியின் வயல் மண்ணில் என்ன என்பதை எமது மண்ணில் சோதித்துத்தான் சொல்லலாம்.

இலையைக் கொண்டு செய்தது ஆகையால் தீங்கில்லை என்ற எண்ணம் எவ்வளவு தவறாகலாம் என்பதற்குத் தேயிலையே சாட்சி. தேயிலைச் சாற்றையும் இரும்பு உப்பையும் கலந்து செய்யும் நுண் இரும்புத் துணிக்கைகளால் மாசுபட்ட நிலத்தடி நீரைச் சுத்தமாக்கலாம் என்று 2009ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்பட்டது. தோட்டப்பகுதிகளிலிருந்து 1977இன் பின் வன்னிக்கு வந்து குடியேறி, மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த எமது வாசகக் குடும்பங்களுக்குத் தேயிலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதில் நஞ்சு இருக்கும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஆனால் 2014இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் அந்தத் துணிக்கைகளை நுணுகிச் சோதித்தபோது, அவை தூய இரும்பே அல்ல, இரும்பும் தேயிலைத் துவர்ப்புப் பொருளும் பிணைந்த ஒரு கூட்டு என்று கண்டனர். அது நீர்ப்பாசிகளுக்கு நஞ்சாக இருப்பதையும் கண்டனர். தேயிலையும் தீங்கற்றது, இரும்பும் தீங்கற்றது, இரண்டும் சேர்ந்து பிறந்தது வேறொன்று.

இன்னொரு சிக்கலும் உண்டு. அது எமது தோட்டக்காரருக்கு இலகுவில் விளங்கும். மாரி மழைக்குப் பின் துளிர்த்த வேப்பிலையும் ஆவணி வெயிலில் காய்ந்த வேப்பிலையும் ஒன்றல்ல. மன்னார் வேம்பும் முல்லைத்தீவு வேம்பும் ஒன்றல்ல. இலை மாறினால் சாறு மாறும், சாறு மாறினால் துணிக்கையின் பருமன் மாறும், பருமன் மாறினால் வேலையும் மாறும். இன்று செய்த போத்தலும் அடுத்த மாதம் செய்யும் போத்தலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று உறுதி சொல்ல முடியாதபடியால்தான், ஆய்வுகூடத்தில் இவ்வளவு புகழ்பெற்ற முறை கமக்காரரின் கொட்டிலுக்கு இன்னமும் சரியாக வந்து சேரவில்லை.

நனோ என்ற சொல்லை நாம் முதன்முதலில் எப்போது கேட்டோம் என்பதை நினைத்துப் பாருங்கள். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைகளும் பீடைநாசினிகளும் நாட்டுக்குள் வராமல் தடை செய்யப்பட்டன. பெரும்போகம் தொடங்கிய ஒக்ரோபரில் இந்தியாவிலிருந்து விமானத்தில் நனோ நைதரசன் திரவ உரம் வந்து இறங்கியது. நவம்பரில் தடை கைவிடப்பட்டது. அதற்குள் விதைத்தவனின் நட்டம் நடந்து முடிந்துவிட்டது. அந்தத் திரவ உரம் இலைச்சாற்றில் செய்யும் உலோகத் துணிக்கையன்று, அது வேறு பொருள். ஆனால் பாடம் ஒன்றே. நனோ யூரியா 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று 45 கிலோ யூரியா மூடைக்குச் சமம் என்று இந்தியாவில் விளம்பரம் செய்தார்கள். போத்தலில் நைதரசன் நூற்றுக்கு 4 பங்கு. அதாவது ஏறத்தாழ 20 கிராம். மூடையில் நூற்றுக்கு 46 பங்கு. ஏறத்தாழ 20 கிலோ. கிராமுக்கும் கிலோவுக்கும் இடையிலுள்ள ஆயிரம் மடங்கை நனோ என்ற சொல் நிரப்பிவிடும் என்று நாம் நம்ப வேண்டியிருந்தது. பின்னர் பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகத்தினர் தமது பரிசோதனை வயல்களில் நெல்லும் கோதுமையும் விளைச்சல் குறைந்ததாகவே அறிவித்தனர். ஒரு போகத்தை இழந்தால் அடுத்த போகத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டிய குடும்பங்களின் வயல், எந்தப் புதுமைக்கும் முதற் பரிசோதனைக் களமாக இருக்கக் கூடாது.

அப்படியானால் வெள்ளித் துணிக்கையை எறிந்துவிடுவதா? இல்லை. அதற்கு ஏற்ற இடம் வேறு என்பதே எமது கருத்து. சுடுமண் நீர்வடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். களிமண்ணையும் உமியையும் அல்லது மரத்தூளையும் பிசைந்து சட்டி வனைந்து சுட்டால் உமி எரிந்து நுண்ணிய துளைகள் உண்டாகும். அதற்கு நுண் வெள்ளிக் கரைசல் பூசிவிட்டால் வடியும் நீரிலுள்ள கிருமிகள் பெருமளவில் குறையும். இந்த வடி 1981இல் குவாத்தமாலா நாட்டில் உருவாக்கப்பட்டுப் பல ஏழை நாடுகளுக்குப் பரவியது. 2004 டிசம்பர் சுனாமியின் பின்னர் இலங்கையிலும் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இத்தகைய வடிகள் வழங்கப்பட்டன. வெள்ளியில் பெரும்பங்கு சட்டியிலேயே தங்கிநிற்கின்றது, அளவு சிறிது, எங்கே இருக்கின்றது என்று தெரியும், உடைந்தால் அப்புறப்படுத்தலாம். முகாம்களில் வயிற்றோட்டத்தால் பிள்ளைகள் துவண்டதைப் பார்த்த எமக்கு நல்ல குடிநீரின் பெறுமதி தெரியும். இலைச் சாற்றில் செய்த வெள்ளியை இத்தகைய வடிக்குப் பாவிக்க முடியுமா, எமது ஊர்க் குயவரின் களிமண் பொருந்துமா என்று எமது பிள்ளைகள் ஆராய்ந்தால் அது பயனுள்ள ஆய்வாகும். தோட்டம் முழுவதும் தெளித்த வெள்ளியையோ யாரும் பொறுக்கி எடுக்க முடியாது. (வெள்ளி நீரை மருந்தாகக் குடிக்கும் பழக்கம் சில நாடுகளில் உண்டு. தொடர்ந்து குடித்தவர்களின் தோல் நீலச் சாம்பல் நிறமாகி, அது மாறாமலே நிற்பதுண்டு. யாரும் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள்.)

வேம்பைப் பற்றி இன்னொரு வழக்கையும் நாம் மறக்கலாகாது. வேப்பெண்ணெயால் பூஞ்சண நோயைத் தடுக்கும் முறை ஒன்றுக்கு, 1994இல் ஒரு அமெரிக்கக் கம்பனியும் அமெரிக்க விவசாயத் திணைக்களமும் சேர்ந்து ஐரோப்பாவில் ஆக்கவுரிமை பெற்றன. எமது பாட்டன் பாட்டிமாருக்குத் தெரிந்த மரம் அது. இந்தியாவின் வந்தனா சிவா அம்மையாரும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துப் பசுமைக் கட்சியினரும் இயற்கை விவசாய இயக்கங்களின் சர்வதேசச் சம்மேளனமும் எதிர்த்து வழக்காடி, 2000ஆம் ஆண்டில் அந்த உரிமை நீக்கப்பட்டது; மேன்முறையீடு 2005இல் தள்ளுபடியானது. ஒரு தவறைத் திருத்தப் பத்து ஆண்டுகளுக்கு மேல் சென்றன. வேப்பிலையால் செய்த துணிக்கை நாளை உண்மையிலேயே பயன்தரும் மருந்தாகிவிட்டால், மரம் எங்கள் வளவில் நிற்கும். போத்தல் யாருடைய கடையில் இருக்கும்? ஆய்வு செய்யும் பல்கலைக்கழகங்கள் இந்தக் கேள்வியைத் துணிக்கை உருவாகும் முன்னரே கேட்டு வைப்பது நல்லது.

இனி ரவுணில் விற்கும் போத்தலுக்கு வருவோம். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பூச்சிக்கோ நோய்க்கோ மருந்து என்று இந்நாட்டில் விற்கும் எதுவும் பீடைகொல்லிகள் பதிவாளரிடம் பதியப்பட்டிருத்தல் வேண்டும். லேபலில் பதிவிலக்கம் இருக்கின்றதா என்று பாருங்கள். உள்ளே என்ன உலோகம், எவ்வளவு, எந்தப் பயிருக்கு, அடித்து எத்தனை நாளின் பின் பிடுங்கலாம் என்று எழுதியிருக்கின்றதா என்று பாருங்கள். ‘வளர்ச்சி ஊக்கி’ என்று மட்டும் எழுதி, வாயால் நோய்க்கு மருந்து என்று சொன்னால், அந்தப் போத்தலை அங்கேயே வைத்துவிட்டு விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். அவர் தெரியாது என்று சொன்னாலும் அதுவும் ஒரு விடைதான். வீட்டில் செய்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். வேப்பிலை அவிப்பதில் பயமில்லை. வெள்ளி நைத்திரேற்று கையில் பட்டால் கறுப்பாகும், கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும். சமையற் சட்டிக்கு அருகே வைக்கும் பொருளன்று அது.

இலைச் சுருளல் பற்றிக் கேட்ட தகப்பனுக்கு அன்று ஒரு நேர் விடை கிடைக்கவில்லை. சுருளல் என்பது ஒரு நோயல்ல. இலைப்பேன் உறிஞ்சினாலும் சுருளும், சிற்றுண்ணி உறிஞ்சினாலும் சுருளும், வெள்ளை ஈ கொண்டுவரும் வைரசாலும் சுருளும். கிருமியைக் கொல்லும் வெள்ளி இலைப்பேனைக் கொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது. எந்தச் சுருளல் என்று இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். அவருக்கு இப்போதைக்கு வேப்பங்கொட்டைக் கரைசலும், சுருண்ட கன்றை ஆரம்பத்திலேயே பிடுங்கி எரிப்பதும்தான் நாம் சொல்லக்கூடியவை. இப்படிச் சொன்னபோது அவர் திருப்திப்படவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். கடன் எடுத்து நாட்டவருக்கு ‘இப்போதைக்கு’ என்ற சொல் போதாது.

ஆனால் மகளுக்கு அந்தக் கேள்வி உறைத்திருக்க வேண்டும். தனது கரைசலைத் தட்டில் வளர்த்த கிருமிமீது மட்டும் சோதித்து முடித்துவிடலாம் என்றிருந்தவள், மண்புழுவும் பயற்றை வேர் முடிச்சும் அதைத் தாங்குமா என்று சாடிகளில் வைத்துப் பார்க்கத் தன் ஆசிரியரிடம் கேட்கப் போவதாகச் சொன்னாள். திங்கட்கிழமை பஸ் ஏறும்போது அவள் கையில் இரண்டு சொப்பிங் பைகள் இருந்தன. ஒன்றில் எரு போட்ட பாத்தியின் மண், மற்றதில் எரு காணாத மேட்டு மண், ஒவ்வொன்றும் இரண்டு கிலோ அளவில். தகப்பனே வெட்டிச் சலித்துக் கட்டிக் கொடுத்தார். முடிவு எதுவானாலும் அதை இவ்விதழில் எழுதும்படி அவளைக் கேட்டிருக்கின்றோம்.